சாப்பாட்டைக் குறைத்தும் எடை நின்றுவிட்டது: இன்னும் குறைக்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. உயரம் 158 செ.மீ. ஏழு மாதத்துக்கு முன்பு 71 கிலோ இருந்தேன். மொபைல் செயலி ஒன்றைப் பார்த்து ஒரு நாளைக்கு 1,000 கலோரி என்று வைத்துக்கொண்டேன். தினமும் ஒரு மணி நேரம் நடை. நான்கரை மாதத்தில் 60 கிலோவுக்கு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டரை மாதமாக எடை அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்குப் பார்க்காமல் சாப்பிடுவேன், மற்ற ஆறு நாளும் கறாராக இருக்கிறேன். எப்போதும் கை கால் ஜில்லென்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படிக்கிறேன். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. தைராய்டு டெஸ்டில் டிஎஸ்ஹெச் நார்மல், டி3 மட்டும் கொஞ்சம் கீழே. 'தைராய்டு மாத்திரை போட்டால் எடை இறங்கும்' என்கிறாள் தோழி. 'எனக்குத் தெரியாமல் சாப்பிடுகிறாய்' என்கிறார் கணவர். என் மெட்டபாலிசம் கெட்டுப்போய்விட்டதா? 800 கலோரிக்கு இறங்கட்டுமா?

பதில்: 800 வேண்டாம். தைராய்டு மாத்திரையும் வேண்டாம். மற்றதையெல்லாம் படிக்க நேரமில்லை என்றாலும் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் உடனே செய்ய வேண்டும். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், காரணம் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தாலும், முதலில் கர்ப்பப் பரிசோதனை. 'அதற்கு வாய்ப்பே இல்லை டாக்டர்' என்பீர்கள். பரவாயில்லை, செய்துவிடுங்கள். கூடவே புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்களின் அளவுகளைப் பார்க்கச் சொல்லி ஒரு மகப்பேறு மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ போங்கள். வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் நான் கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்தும். பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு நோயை முடிவு செய்வது என் வழக்கம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். எடை நின்றது, உடம்பு குளிர்வது, கவனம் சிதறுவது, மாதவிடாய் நின்றது, டி3 குறைந்தது என்று ஐந்து புகார்களை எழுதியிருக்கிறீர்கள். எடையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மற்ற நான்கும் அநேகமாக ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மூளையின் அடிப்பகுதியில், பாதாம் பருப்பு அளவே உள்ள ஹைப்போதலாமஸ்தான் அந்த இடம். அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கிடைக்கிற தகவலை வைத்து அது சரியாகவே வேலை செய்கிறது. தகவல் அனுப்பியது நீங்கள்தான்.

எப்படி அனுப்பினீர்கள்? கொழுப்புத் திசு வெறும் கிடங்கு இல்லை, அது லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டுபிடித்தபோது, எடை குறைக்க ஒரு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே குதித்தது. லெப்டின் கூடினால் பசி அடங்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பெரும்பாலானவர்களுக்கு அது நடக்கவில்லை. லெப்டினின் முக்கியமான வேலை மறுபக்கத்தில் இருப்பது பிறகுதான் புரிந்தது. அது குறையும்போதுதான் மூளை காது கொடுத்துக் கேட்கிறது. அதுவும் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள்: சாப்பாடு வெட்டப்பட்ட சில நாட்களிலேயே, கொழுப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கரையாதபோதே, லெப்டின் சரிந்துவிடுகிறது. அதாவது கிடங்கில் இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்வதில்லை, வரத்து நின்றுவிட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இடுப்பில் கொழுப்பு இருக்கும்போதே உடல் பஞ்சகால முடிவுகளை எடுப்பது இதனால்தான். கூடவே இன்சுலின் குறைகிறது, வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. மூன்று செய்தியும் ஒரே திசையைக் காட்டினால் ஹைப்போதலாமஸ் எதைத்தான் நம்பும்?

நம்பிவிட்டால் செலவைக் குறைக்கத் தொடங்கும். எங்கே கை வைக்கும் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இதயம், கல்லீரல், சிறுநீரகம், மூளை இவை நான்கும் சேர்ந்து உடல் எடையில் ஆறு சதவீதம்கூட வராது, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவில் பாதிக்கு மேல் இவற்றுக்குத்தான். இவற்றை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அதனால் இன்றைக்கு உயிர் வாழத் தேவையில்லாதவற்றில் முதலில் கை வைக்கிறது. இனப்பெருக்கம் அதில் ஒன்று. ஒரு கர்ப்பத்தைச் சுமக்கவும் பாலூட்டவும் ஆகும் ஆற்றல் மிகப் பெரியது. வரத்தே இல்லாத காலத்தில் அதை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது என்பது உடலின் தீர்ப்பு.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஆன் லௌக்ஸ் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் ஒழுங்காக இருந்த இளம் பெண்களுக்கு ஐந்து நாட்கள் மட்டும் வெவ்வேறு அளவில் ஆற்றல் கிடைக்கும்படி செய்தார். உடற்பயிற்சிக்குப் போனது போக மிஞ்சுவதை, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனவர்களுக்கு கருமுட்டை வெளிவரத் தூண்டுகிற எல்ஹெச் ஹார்மோன் துடிப்புகளின் ஒழுங்கு கலைந்தது. ஐந்தே நாளில்! இந்த 30 எல்லோருக்கும் ஒரே மாதிரியான எல்லைக்கோடு இல்லை, சிலர் தாங்குவார்கள், சிலர் அதற்கு முன்பே தடுமாறுவார்கள். ஆனாலும் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க அது உதவும். 60 கிலோவில் கொழுப்பு நீங்கலாக உங்களுக்கு ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். 1,000 கலோரி சாப்பிடுகிறீர்கள், நடைக்கு ஒரு 200 போகிறது. மீதி 800. நாற்பதால் வகுத்தால் 20. வாரத்தில் ஆறு நாள் 20-ல் நிற்கிறீர்கள். மாதவிடாய் நின்றதில் எனக்கு வியப்பே இல்லை, நான்கு மாதம் தாக்குப் பிடித்தது என்றுதான் சொல்வேன்.

டி3 கதையும் இதேதான். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் வெளியிடுகிறது. அது பிற திசுக்களில் டி3 ஆக மாறினால்தான் உடல் சூடும் செலவும் ஏறும். சாப்பாடு குறைந்தால் அந்த மாற்றம் தணிகிறது, வேலை செய்யாத 'ரிவர்ஸ் டி3' என்ற வடிவம் கூடுகிறது. அந்த நேரத்தில், தைராய்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் உயர்ந்து 'இன்னும் சுர' என்று கட்டளையிட வேண்டும் அல்லவா? இடாது. கட்டளையிட வேண்டிய ஹைப்போதலாமஸே 'இப்போது வேண்டாம்' என்று முடிவெடுத்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் நார்மலாகவும் டி3 கீழேயும் இருப்பதன் பொருள் இதுதான். சுரப்பியில் கோளாறு இல்லை. இப்போது வெளியிலிருந்து ஹார்மோனை உள்ளே தள்ளினால் தசையும் எலும்பும் கரையும், இதயம் படபடக்கும், தராசில் தெரிகிற இறக்கத்தில் பெரும்பங்கு நீங்கள் இழக்கக் கூடாத சரக்காக இருக்கும். தோழியிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

குளிரும் அதே வழிதான். உடலைச் சூடாக வைத்திருப்பது செலவு பிடித்த வேலை. கை கால் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்தால் வெப்பம் வெளியே போகாது, உள்ளே வெப்பம் தயாரிக்கும் வேலையும் மிச்சம். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். பட்டினி கிடந்த ஐரோப்பியர்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று கண்டுபிடிப்பது நோக்கம். 24 வாரங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. எண்ணைக் கவனியுங்கள்: இன்றைக்குப் பல செயலிகள் 'மிதமான டயட்' என்று காட்டுகிற எண் அது! அவர்கள் ஒல்லியான, நிறைய நடந்த ஆண்கள் என்பதால் அது அவர்களுக்குப் பட்டினியாயிற்று. உடல் எடையில் கால்பங்கு போனது. அடிப்படை வளர்சிதை மாற்றம் (மெட்டபாலிசம்) ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. அதில் பெரும்பகுதி உடலே சிறுத்துப் போனதால், மீதி மிச்சமிருந்த திசுவே சிக்கனமாக ஓடியதால். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதுக்கும் கீழே போனவர்கள் உண்டு. கோடைக்காலத்தில் கூடுதல் போர்வை கேட்டார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து மணிக்கணக்காகப் புரட்டினார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் இழுத்தார்கள்.

உங்கள் மின்னஞ்சல் பிரச்சினையோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் அந்தச் சோதனையில் உண்டு, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மனதைக் குவிக்க முடியவில்லை, புத்தி மந்தமாகிவிட்டது என்று அந்த இளைஞர்கள் ஓயாமல் சொன்னார்கள். ஆனால் அறிவுத்திறன் சோதனைகள் வைத்துப் பார்த்தபோது திறன் குறைந்ததாகத் தெரியவில்லை. திறமை அப்படியே இருந்தது, மனம்தான் சாப்பாட்டைவிட்டு நகர மறுத்தது. நீங்கள் மூன்று முறை படிக்கும் மின்னஞ்சலில் இரண்டு முறை எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மூளைக்கு இதில் இரட்டை வேடம். சிக்கனத்தை ஏவுவதும் அதுதான், அதிகம் செலவழிப்பதும் அதுதான். உடல் எடையில் இரண்டு சதவீதம் இருந்துகொண்டு, ஓய்வு நேரச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் குளுக்கோஸ் கேட்கிறது. கல்லீரலில் இருக்கிற கிளைக்கோஜன் (சேமித்துவைத்த குளுக்கோஸ்) இருப்போ அதுவே நூறு கிராம் சொச்சம், ஒரு நாள் முழுப் பட்டினிக்குத் தாங்கும், அவ்வளவுதான். அப்புறம்? தசையை உடைத்துக் குளுக்கோஸ் செய்துகொண்டே போனால் சில வாரங்களில் எழுந்து நடக்கவே ஆள் இருக்காது. ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967-ல் இதற்கு விடை சொன்னார்கள். வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களின் மூளைக்குப் போகும், வரும் ரத்தத்தை நேரடியாக அளந்து பார்த்து, தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோன்கள் ஈடுசெய்வதைக் காட்டினார்கள். கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கிற மாற்று எரிபொருள் அது. தசை காப்பாற்றப்படுகிறது. உங்கள் 1,000 கலோரியில் அந்த நிலை வராது, அதற்கு நீண்ட பட்டினி வேண்டும். ஆனாலும் உடல் எதை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தன் செலவில் மட்டும் மூளை ஓரவஞ்சனை செய்யும், எதையும் குறைத்துக்கொள்ளாது என்றுதான் நெடுநாள் நம்பினோம். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் நத்தாலி ரோஷ்ஃபோர் குழு 2022-ல் வெளியிட்ட எலி ஆய்வு அதை அசைத்துவிட்டது. உணவைக் குறைத்து ஆண் எலிகளின் எடையை 15 சதவீதம் இறக்கினார்கள். பிறகு காட்சிகளைக் காட்டி, பார்வைக்குரிய மூளைப் புறணி எவ்வளவு ஏடிபி (செல்களின் எரிபொருள்) செலவழிக்கிறது என்று அளந்தார்கள். 29 சதவீதம் குறைவு. நரம்பணுக்கள் துடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் துல்லியம் போய்விட்டது. சிக்னல் குறைந்த இடத்தில் வீடியோ அழைப்பு நிற்காமல் படம் மட்டும் மங்குமே, அது மாதிரி. நுணுக்கமான கோண வித்தியாசங்களை அந்த எலிகளால் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. லெப்டினை மட்டும் திரும்பக் கொடுத்தபோது, உணவைக் கூட்டாமலேயே, மூளை பழைய செலவுக்கும் பழைய துல்லியத்துக்கும் திரும்பியது. அதாவது எரிபொருள் தீர்ந்துபோய் மங்கவில்லை, 'தீரப்போகிறது' என்ற செய்தியைக் கேட்டு மங்கியது. அதே குழு பின்னர் பெண் எலிகளில் இதைச் செய்து பார்த்தபோது இந்த அளவுக்கு மாற்றம் இல்லை. அதனால் உங்கள் மின்னஞ்சலுக்கும் எலியின் கண்ணுக்கும் நான் முடிச்சுப் போட மாட்டேன். பழ ஈக்களில் இன்னும் விசித்திரம். பட்டினி கிடக்கும் ஈயின் மூளை, புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டியிருக்கிற ஒருவகை நீண்டகால நினைவைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடுகிறது. வலுக்கட்டாயமாகப் பதிவு செய்ய வைத்தால் அந்த ஈ சீக்கிரம் செத்துப்போகிறது. 2013-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியது இது. நினைவுக்குக்கூட விலை உண்டு என்று எனக்கு உறைத்தது அதைப் படித்தபோதுதான்.

இப்போது எடைக்கு வருகிறேன். 'உடல் ஸ்டார்வேஷன் மோடுக்குப் போய்விட்டது, அதனால் கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் கொழுப்பாகச் சேர்த்துவைக்கிறது' என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மையில்லை. மினசோட்டா இளைஞர்களின் செலவு 40 சதவீதம் சரிந்தும் எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. செலவு குறையும் என்பது உண்மை, மறைந்துவிடும் என்பது கற்பனை. எடை இழந்தவர்களை அளந்து ஆய்வாளர் கெவின் ஹால் போன்றவர்கள் போட்ட கணக்குப்படி, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைய செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ ஒவ்வொரு கிலோவுக்கும் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. எல்லோரும் மெட்டபாலிசத்தைத் திட்டுகிறோம், உண்மையில் மூன்று நான்கு மடங்கு பலமாக இழுப்பது பசிதான்.

உங்கள் எண்களைப் போடுவோம். 71 கிலோவில், நடையும் சேர்த்து, உங்கள் ஒரு நாள் செலவு 2,000 கலோரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். 11 கிலோ போனதில் 220 முதல் 330 கழியும். இன்று ஏறக்குறைய 1,700. உண்மையிலேயே ஏழு நாளும் 1,000 சாப்பிட்டிருந்தால் இந்த இரண்டரை மாதத்தில் இன்னும் ஆறேழு கிலோ போயிருக்க வேண்டும். போகவில்லை. ஞாயிறு ஒன்றில் 3,500 முதல் 4,000 வரை போவது, ஆறு நாள் வயிற்றைக் கட்டியவருக்குச் சிரமமே இல்லை. அதையும் சேர்த்து ஏழால் வகுத்தால் சராசரி 1,400. கரண்டியில் ருசி பார்த்தது, மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டது, எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றியது எல்லாம் சேர்ந்து ஒரு 200. ஆக 1,600. செலவுக்கும் வரவுக்கும் இடையில் நூறு கலோரிதான் மிச்சம். அது இரண்டரை மாதத்தில் ஒரு கிலோ, அதைக்கூட உடலில் தேங்கும் நீர் மறைத்துவிடும். கடுமையான டயட்டில் நீர் தேங்குவது சாதாரணம். கீஸின் இளைஞர்களுக்குக் கால் வீங்கியது.

இதைப் படித்துவிட்டு உங்கள் கணவர் 'பார்த்தாயா, நான் சொன்னேனே' என்று சொல்லக் கூடாது. இந்தப் பதிலை அவரும் படிப்பார் என்பதால் அவருக்கே சொல்கிறேன்: ஐயா, இது திருட்டுத்தனம் இல்லை. 'எவ்வளவு குறைத்தாலும் இறங்கவில்லை' என்ற பத்துப் பேரை 1992-ல் நியூயார்க்கில் நுணுக்கமாக அளந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றம் நார்மல். அவர்கள் எழுதிவைத்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவு. ஏமாற்றவில்லை. தாங்கள் எழுதியது சரி என்று அவர்களே நம்பினார்கள். பசியை இயக்கும் நரம்பணுக்கள் முழு வேகத்தில் ஓடும்போது கை தட்டுக்குப் போவதும், அதை மனம் குறித்துக்கொள்ளாமல் விடுவதும் யாருக்கும் நடக்கும். போலீஸ் வேலை பார்ப்பதால் இது சரியாகாது, வேண்டுமானால் அந்த ஒரு மணி நேர நடைக்கு மனைவியோடு சேர்ந்து போங்கள்.

அந்த நடை விஷயத்திலும் ஒன்று. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மீதிப் பொழுதில் நீங்கள் முன்பைவிடக் குறைவாக அசைகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், நின்றுகொண்டு பேசியது இப்போது உட்கார்ந்து, காலாட்டுவது நின்றுபோனது. யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை, தானாக நடக்கும். போதாததற்கு, எடை குறைந்த பிறகு தசைகள் மெதுவான வேலையை முன்பைவிடக் குறைந்த ஆற்றலில் செய்யப் பழகிவிடுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரோசன்பாம், ருடால்ஃப் லைபல் ஆகியோர் இதை அளந்தார்கள். உடல் எடை பத்து சதவீதம் குறைந்தவர்களின் செலவு, உடல் சிறுத்த கணக்குக்கு மேலும் குறைந்திருந்தது. அவர்களுக்குச் சிறிய அளவில் லெப்டின் ஊசி போட்டபோது தசையின் சிக்கனமும் டி3-யும் பழைய நிலைக்குப் பெருமளவு திரும்பின. எலியின் கண்ணில் பார்த்த அதே கதை மனிதனின் காலில்.

ஆக உங்கள் நிலை என்னவென்றால், ஆறு நாள் பட்டினியால் ஹைப்போதலாமஸைப் பயமுறுத்துகிறீர்கள், ஏழாம் நாள் சாப்பாட்டால் எடையைத் தக்கவைக்கிறீர்கள். இரண்டிலும் நஷ்டம். 800-க்கு இறங்கினால் ஞாயிறு இன்னும் பெரிதாகும், அல்லது வாரத்துக்கு இரண்டு ஞாயிறு வரும்.

செய்ய வேண்டியது தலைகீழ். ஏழு நாளும் 1,600-லிருந்து 1,700 கலோரி. ஞாயிற்றுக்கிழமை தனி இல்லை. ஒரேயடியாக ஏற்ற மனம் துணியாவிட்டால் வாரத்துக்கு 150, 200 என்று கூட்டுங்கள், ஆனால் ஒரு மாதத்துக்குள் அங்கே வந்துவிட வேண்டும். புரதம் ஒரு நாளைக்கு 75 முதல் 90 கிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. மாவுச்சத்தை எதிரியாகப் பார்க்காதீர்கள், டி3-க்கும் மாதவிடாய்க்கும் அது தேவைப்படுகிறது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. இழந்த 11 கிலோவில் தசையும் உறுப்புத் திசுவும் இரண்டு மூன்று கிலோ இருந்திருக்கும், அதைத் திரும்பக் கட்ட வேறு வழியில்லை. பயிற்சி நாட்களில் நடையை அரை மணியாகக் குறையுங்கள். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல்.

முதல் பத்து நாளில் எடை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறும். ஏறும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் மிரண்டு பழைய டயட்டுக்கு ஓடுகிறார்கள். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் நிரம்புகிறது, ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்துவைக்கிறது. முதல் மாதத்தில் நீங்கள் மளமளவென்று இழந்ததில் ஒரு பங்கு இதே நீர்தான், அப்போது சந்தோஷப்பட்டீர்கள் அல்லவா! தராசைத் தினமும் பார்க்காமல் இருக்க முடியாது என்றால் வாரச் சராசரியை மட்டும் குறித்துவையுங்கள்.

'அப்படியானால் எப்போதுதான் மறுபடி குறைப்பது?' மூன்று மாதத்துக்கு அந்தப் பேச்சு வேண்டாம், மாதவிடாய் ஒழுங்காக மூன்று சுழற்சி வரும் வரை நிச்சயமாக வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 60 கிலோ என்பது பிஎம்ஐ 24. 28-லிருந்து வந்திருக்கிறீர்கள், உடல்நலத்துக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு மூன்றும் சரியாக இருந்தால், இன்னும் ஐந்து கிலோ என்பது மருத்துவத் தேவையா கண்ணாடியின் தேவையா என்று யோசியுங்கள். கண்ணாடியின் தேவையாக இருந்தால் தவறில்லை. ஆனால் அதற்கு அவசரம் கிடையாது. அப்போதும் செலவிலிருந்து 250, 300 கலோரிக்கு மேல் வெட்ட வேண்டாம்.

குறைந்த செலவு பழைய நிலைக்கு வருமா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, ஓய்வு நேரச் செலவு அவர்கள் உடலுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே இருந்தது. 2016-ல் வந்த அந்தச் செய்தி பலரை நம்பிக்கை இழக்க வைத்தது. ஆனால் அந்த ஆய்வின் இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை: செலவு அதிகம் குறைந்திருந்தவர்கள்தான் எடையை நன்றாகத் தக்கவைத்திருந்தார்கள். எடையைத் தக்கவைத்தவர்கள்தான் அதிகம் உடல் உழைத்தார்கள் என்று அதே ஆட்களை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வு காட்டியது. அவர்கள் இறக்கியது ஆளுக்கு 58 கிலோ, அதுவும் மாதக்கணக்கில் பேய்த்தனமான பயிற்சியோடு. உங்கள் 11 கிலோவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பயப்படாதீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் சிக்கனம் மிஞ்சலாம், நாளுக்கு நூறு கலோரி அளவில். பசி அதைவிட நீண்ட நாள் இருக்கும். எடை இழந்து ஓர் ஆண்டு ஆன பிறகும் லெப்டினும் கிரெலினும் பழைய இடத்துக்கு வரவில்லை என்று 2011-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதனால்தான் பசியோடு மல்லுக்கட்டுகிற டயட்டுகளை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

சாப்பாட்டைக் கூட்டினால் உடம்பின் குளிரும் கவனச்சிதறலும் சில வாரங்களில் குறையும். மாதவிடாய்க்கு அதிக நாள் ஆகலாம், மூன்று முதல் ஆறு மாதம்கூட. தலை சுற்றி விழுவது, ஓய்வில் நாடித்துடிப்பு 50-க்குக் கீழே இருப்பது, சாப்பாட்டைக் கூட்ட நினைத்தாலே நெஞ்சு பதறுவது, இவற்றில் எது இருந்தாலும் தனியாகச் சமாளிக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்கு மனநல மருத்துவரின் உதவியும் தேவைப்படும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மாதவிடாய் நின்று ஆறு மாதமாகியும் அது திரும்பாவிட்டால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாதங்களை எலும்பு கணக்கு வைத்துக்கொள்ளும். யாராவது கருத்தடை மாத்திரை கொடுத்து 'பீரியட்ஸ் வந்துவிட்டது பாருங்கள்' என்றால், அது மாத்திரையால் வந்த ரத்தப்போக்கு. உங்கள் ஹைப்போதலாமஸ் விழித்ததா என்பதை அது மறைத்துவிடும், எலும்பையும் காப்பாற்றாது. அப்புறம் ஒன்று. உடல் தேறும்போது, முதல் மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால், மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்காமல், சாப்பாட்டைக் கூட்டுகிற நாளிலிருந்தே கருத்தடைக்கு ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வழி என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.